காசில்லாமல் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்பது வீணா?

கேள்வி, 9.1.2025

எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது ஊராட்சி, அரசு நியமித்த தனி அலுவலர் கையில் இருக்கிறது. அடுத்த தேர்தல் வந்தால் நிற்கலாம் என்று நினைக்கிறேன். பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் "கையில் லட்சக்கணக்கில் காசு இல்லாமல் நிற்பது வீண் வேலை" என்கிறார்கள். நின்றவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

10.1.2025

நான் நின்றிருக்கிறேன். 2019 டிசம்பர், புதுக்கோட்டை மாவட்டம், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவி. ஓட்டுக்குக் காசு கொடுக்கவில்லை. ஜெயிக்கவில்லை, இரண்டாவதாக வந்தேன். வீண் இல்லை தங்கச்சி.

அப்போது ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். டெபாசிட் 600, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 300. என் செலவு வரம்புக்குள்தான் இருந்தது. நோட்டீஸ், ஆட்டோ வாடகை, மைக் செட், கூட நடந்தவர்களுக்கு டீயும் சாப்பாடும், அவ்வளவுதான். லட்சம் என்பது பெட்டிக்கடையில் பேசுகிற பேச்சு என்று சொல்ல மாட்டேன், செலவழிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அது நிற்பதற்கான விலை இல்லை.

காசைவிட ஆள்தான் வேண்டும். வார்டுக்கு இரண்டு பேராவது, நீங்கள் கூப்பிடாமலே காலையில் வாசலில் வந்து நிற்கிறவர்கள். அது இல்லாமல் மனு வாங்கப் போகாதீர்கள்.

10.1.2025, இரவு

ஒரு விஷயம் விட்டுவிட்டேன். ஊராட்சித் தலைவர், கிராம வார்டு உறுப்பினர் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் இரண்டுக்கும் உண்டு. நான்கு ஓட்டையும் ஒரே நாளில், ஒரே சாவடியில் போட வேண்டும். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை. எனக்குக் கிடைத்தது பூட்டு சாவி. வாழ்நாள் முழுக்க ஒரே கட்சிச் சின்னத்தில் குத்திப் பழகிய கை, இளஞ்சிவப்புச் சீட்டைப் பார்த்ததும் தடுமாறும். தேர்தல் என்றாலே அந்தச் சின்னத்தைத் தேடுகிறவர்கள் ஊரில் நிறையப் பேர்.

அதனால் பேசிய நேரத்தில் பாதி, சீட்டின் நிறத்தையும் சின்னத்தையும் சொல்லிக்கொடுப்பதிலேயே போனது. கொள்கை பேச நேரமில்லை. "ரோஸ் கலர் சீட்டு, பூட்டு சாவி" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

12.1.2025

வாபஸ் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நிற்கிற பெண்களிடம் யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை.

அந்த வருடம் மனுத் தாக்கல் டிசம்பர் 9 முதல் 16 வரை. 17 பரிசீலனை. 19 வாபஸ் வாங்கக் கடைசி நாள். பரிசீலனைக்கும் வாபஸுக்கும் நடுவில் கிடக்கிற அந்தக் கொஞ்ச நேரம் பிரச்சாரத்தைவிடக் கடினம். பிரச்சாரத்தில் ஊர் முழுக்க உங்களைப் பார்க்கும், யாரும் மிரட்ட முடியாது. இந்த நேரத்தில் எல்லாம் வீட்டுக்குள் நடக்கும். மாமனாரின் பங்காளிகள் வருவார்கள். நாத்தனாரின் வீட்டுக்காரர் போன் பண்ணுவார். பிள்ளையின் காதுகுத்துக்குப் பெரிய மொய் வைத்தவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் எழுந்து போவார். எதற்கு வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் கோயில் திடலில் கூட்டம் போட்டார்கள். திருப்பணிக்குப் பணம் தருகிறவர் வீட்டுக்கு ஒருமனதாக விட்டுவிடலாம் என்பதுதான் பேச்சு. பதவியை ஏலம் விடுவது குற்றம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்துக்கொண்டேதான் இருந்தது. ஊரில் அதை ஏலம் என்று யாரும் சொல்லவில்லை, ஊர் ஒற்றுமை என்றுதான் சொன்னார்கள். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்களுக்கு ஒதுக்கிய பதவியைப் பற்றி முடிவெடுக்க ஒரு பெண்கூட இல்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் போனார். "நிக்கிறது அவ. அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்து ஆள் வந்தது. போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, "சித்தப்பா, பெரியப்பா, உங்க எல்லார் வீட்டுக்கும் நாளைக்கு ஓட்டுக் கேட்டு வருவேன். வேண்டாம்னா ஓட்டுப் போடாதீங்க. நிக்காதேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று சொன்னேன். ஒருவர் மட்டும் எழுந்து, "அந்தப் புள்ள சொல்றது நியாயந்தானே" என்றார். அவர் எங்கள் பங்காளி இல்லை. எதிர்த்து நின்றவர்களின் சம்பந்தி.

அவ்வளவு சத்தமாக அதற்கு முன் நான் ஊரில் பேசியதே இல்லை.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 2016இல் சட்டமானது. அந்த வருடம் நடக்க வேண்டிய தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், அந்த ஒதுக்கீட்டில் நடந்த முதல் தேர்தலே 2019இல்தான். சட்டம் சீட்டைக் கொடுத்தது. ஜமுக்காளத்தில் இடத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

15.1.2025

மாட்டுப் பொங்கல். வீடு அடங்கிவிட்டது, எழுத நேரம் கிடைத்தது.

வீடு வீடாகப் போவது பற்றி. ஓட்டுக் கேட்கும்போது யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நான் வாக்கப்பட்டு வந்த ஊர் என்பதால் யார் எனக்கு அயித்தை, யார் கொழுந்தன், யார் பேரன் முறை என்று என் மாமியார் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வாக்காளர் பட்டியலை நான் படிப்பேன், அவர் முறை சொல்வார். மாமியார் பள்ளிக்கூடம் போனதில்லை. ஊராட்சி முழுவதும் அவருக்கு மனப்பாடம். எந்த வீட்டில் எந்தச் சாவுக்கு நாம் போகவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த வீடுகளுக்கு முதலில் போகச் சொன்னார். அது சரியான யோசனை. மனத்தாங்கல் உள்ள வீட்டில் நேரே போய் நின்றால் முதலில் சண்டை வரும், அப்புறம் டீ வரும்.

பிரச்சாரத்தில் எனக்கு அழியாமல் நிற்பது எங்கள் ஊராட்சியின் கடைசித் தெரு. காலனி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிற குழாய் அங்கேதான் முடிகிறது. தெருக்குழாயில் தண்ணீர் ஏறாது. அதனால் குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிவிட்டு, அதைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்திருந்தார்கள். குழிக்குள் குடத்தை இறக்கி, குழாய் வாயில் ஒரு துணியைச் சுற்றி, அந்தத் துணி வழியாகக் குடத்துக்குள் தண்ணீரை வடியவிடுவார்கள். ஒரு பிள்ளை குழிக்குள் இறங்கி நின்று, நிரம்பிய குடத்தைத் தூக்கி மேலே இருந்த அம்மாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் தெருத் தண்ணீரும் அந்தக் குழிக்குள்தான் போகும். அதைக் குடித்துத்தான் அந்தத் தெரு இருந்தது.

நான் அந்த ஊரில் எத்தனையோ வருடம் வாழ்ந்திருக்கிறேன். ஓட்டுக் கேட்கப் போகிற வரைக்கும் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நான் நின்றதில்லை. ஊரில் பலரும் நின்றதில்லை.

அங்கே ஓர் அம்மா கேட்டது: "ஓட்டுக்கு வர்றப்ப எல்லாரும் இந்தக் குழியைப் பாத்துட்டுத்தான் போறீக. ஜெயிச்சவுக யாரும் தோத்தவுக யாரும் திரும்பி வந்து பாத்ததில்ல." நான் பதில் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, குழாய் எந்த வருடம் போட்டது, டேங்க் ஆபரேட்டர் வால்வை எவ்வளவு நேரம் திறக்கிறார், எந்தத் தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கூட வந்தவர்கள் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். மற்ற தெருக்களில் ஐந்து நிமிடம், இங்கே ஒரு காலைப்பொழுது. அந்தத் தெருவில் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். குடித்ததை வைத்து மேலத்தெருவில் இரண்டு வீட்டில் பேச்சு வந்தது. வந்தால் வரட்டும்.

16.1.2025

ஆரத்தி பற்றிக் கேட்டவருக்கு: தட்டில் பணம் போடவில்லை. "அயித்தை, தட்டுல போட எங்கிட்ட ஒண்ணுமில்ல, குங்குமம் மட்டும் வச்சு விடுங்க" என்று முதல் தெருவிலேயே சொல்லிவிட்டேன். அடுத்த தெருவுக்கு நான் போவதற்குள் அந்தச் செய்தி போய்விட்டது. தட்டு எடுத்து வந்தவர்கள் குறைந்தார்கள். எடுத்து வந்தவர்கள் மனசாரச் சுற்றினார்கள்.

19.1.2025

"அப்படியானால் காசு தேர்தலைத் தீர்மானிப்பதில்லையா?" என்று கேட்கிறீர்கள். 10ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

எங்களுக்கு இரண்டாம் கட்டம், ஓட்டுப்பதிவு டிசம்பர் 30. 28ஆம் தேதி மாலை 5 மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது. அன்று இரவு தெருவிளக்கு அணைந்தது. அணைந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலையில் காசுக் கவர் வாங்கிய ஒரு பெரியம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, "வாங்கிட்டேன் ஆத்தா, ஓட்டு உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படிப் பலர். வாங்கினால் போட்டுவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஊர் தெரியாது.

ஆனால் தேர்தல் முடிந்து யோசித்தபோது வேறு ஒன்று பிடிபட்டது. சிலர் கோபமாக இருந்தது காசு வாங்கியவர்கள் மேல் அல்ல, தங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தவர்கள் மேல். "எங்களை மனுசராவே மதிக்கலையே" என்றார் ஒருவர். ஐநூறு ரூபாய் அவருக்குப் பெரிதில்லை, தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். கவர் அவருக்கு மரியாதைக் கணக்கு. கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் ஆகிவிட்டது அது.

இதைப் புரிந்துகொண்டால் காசில்லாத வேட்பாளர் செய்ய வேண்டியது தெரிந்துவிடும். ஒரு வீட்டைக்கூட விடக்கூடாது. உங்களுக்குப் போடமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த வீட்டுக்கும் போங்கள். ஆள் இல்லாவிட்டால் மறுபடி போங்கள். பண்ணைக்குப் போயிருந்தால் பண்ணைக்கே போங்கள். நீங்கள் கொடுக்கிற மரியாதை நேரில் வருவதுதான்.

காசு ஓட்டை வாங்குவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். சில ஓட்டை வாங்கும், நெருக்கமான போட்டியில் அந்தச் சில ஓட்டு போதும். அதற்காக நீங்களும் கொடுக்க ஆரம்பித்தால், போட்ட காசை எங்கிருந்து எடுப்பீர்கள்? சாக்கடைக் கல்லிலிருந்தும் தெருவிளக்குப் பல்பிலிருந்தும்தான் எடுக்க வேண்டும். அந்தக் குழிக்குள் நின்ற பிள்ளையின் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும். என்னால் முடியாது.

20.1.2025

"பிறகு ஏன் தோற்றீர்கள்?"

கஜா புயல். 2018 நவம்பர் 16. ஒரே இரவில் எங்கள் பக்கத்துத் தென்னை, பலா, மின்கம்பம் எல்லாம் சாய்ந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் போர்வெல் ஓடாது, போர்வெல் ஓடாவிட்டால் தொட்டியில் தண்ணீர் இல்லை. பிறகு தேர்தலில் என்னை ஜெயித்தவரின் வீட்டுக்காரர்தான் அப்போது தன் தோப்பு போர்வெல்லுக்கு ஜெனரேட்டர் பிடித்து, டீசல் ஊற்றி, இரவு பகலாக ஊருக்குத் தண்ணீர் விட்டார். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். ஒரு வருடம் கழித்து நான் ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில், "உனக்கென்னத்தா குறை, நல்லாத்தான் பேசுற. ஆனா அன்னைக்குத் தண்ணி கொடுத்தாருல்ல" என்றார்கள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அது உண்மை. அதை மறக்கச் சொல்லிக் கேட்பது பாவம்.

எனக்கு விழுந்த ஓட்டும் கஜாவில் வந்ததுதான். நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். எத்தனை மரம், எத்தனை ஓடு, ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தக நகல். சிலருக்குப் பணம் வந்தது, பலருக்கு வரவில்லை. வராதவர்களும் எனக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

பிரச்சாரம் ஊர் மறந்ததை ஞாபகப்படுத்தத்தான் உதவும். நீங்கள் மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறீர்கள் அல்லவா? அதுதான் உங்கள் பிரச்சாரம். இப்போதே நடந்துகொண்டிருக்கிறது.

24.1.2025

நூறு நாள் வேலை நடக்கிற குளத்துக்குப் போய் ஓட்டுக் கேட்கலாமா என்று ஒருவர். கேட்கலாம், அதைவிட நல்ல இடம் இல்லை. எல்லாத் தெருப் பெண்களும் ஒரே கரையில் இருப்பார்கள். வேலையை நிறுத்தச் சொல்லாதீர்கள், சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள். சம்பளம் தாமதமாக வருவதைத்தான் முதலில் கேட்பார்கள். அது ஊராட்சித் தலைவர் கையில் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

அங்கே ஒரு அப்பத்தா என் நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டு ஒனக்கா, சாவி ஒனக்கா?" என்று கேட்டார். "ரெண்டும் எனக்குத்தான் அப்பத்தா" என்றேன். "அப்பப் பூட்டை ஊராட்சி ஆபீசுல இருந்து எடுத்துப்புடு. நான் போறப்பல்லாம் அது பூட்டித்தான் கெடக்கு" என்றார். கரையே சிரித்தது. அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் இதைத்தான் பேசினேன், ஆபீஸ் தினமும் திறந்திருக்கும் என்று. நான் யோசித்து எழுதிய நோட்டீஸ் வாசகங்களைவிட அப்பத்தா சொன்னதுதான் ஊரில் ஓடியது.

28.1.2025

எண்ணிக்கை. 2020 ஜனவரி 2 காலை 8 மணிக்குத் தொடங்கியது. நான்கு நிறச் சீட்டையும் முதலில் பிரிக்க வேண்டும், அதற்கே நேரம் போகும். வெளியே குளிர். இரவு முழுக்க உட்கார்ந்திருந்தோம். எண்ணிக்கை மறுநாளும் பல இடங்களில் ஓடியது.

ஏஜென்டாக உட்காருகிறவரை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். தூங்காதவராக, எழுதத் தெரிந்தவராக, கோபப்படாதவராக இருக்க வேண்டும். இரண்டு சின்னத்துக்கு நடுவில் விழுந்த குத்து, மடிக்கும்போது மறுபக்கம் ஒட்டிய மை, இதில்தான் தகராறு வரும். சீட்டை நீளவாக்கில் மடிக்கச் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான். எனக்காக என் கொழுந்தியாள் உட்கார்ந்தாள், பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். அவள் ஒவ்வொரு சாவடிக்கும் எழுதிவைத்த கணக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. காலனிச் சாவடியில் நான் முதலாவது.

முடிவு தெரிந்ததும் ஜெயித்தவர் எங்கள் பக்கம் வந்து கையைப் பிடித்தார். முறைக்கு எனக்கு அக்கா. "அந்தக் குழாய்க் கணக்கை எழுதி வச்சிருக்கேன், தர்றேன்" என்றேன். கொடுத்தேன். முதல் கிராமசபையில் அதை எழுந்து வாசித்தேன். குழி மூட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, தனிக் குழாய் இழுத்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்ததால் நடந்தது.

2.2.2025

தங்கள் ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது, மனு போடவே விடமாட்டார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருக்கு என் அனுபவத்தை வைத்து அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என்னை உட்காரச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருடம் தேர்தலே ஒழுங்காக நடக்கவிடவில்லை, 2006இல்தான் நடந்தது. அரசு நிர்வாகம் ஊருக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் நடந்தது என்பதைக் கவனியுங்கள். தம்பி, தனியாகப் போகாதீர்கள். ஆட்சியருக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்தில் முன்பே கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டமாகப் போய் மனு போடுங்கள்.

3.2.2025

முதலில் கேட்ட தங்கச்சிக்கு, வேலை விஷயமாகச் சில.

உங்கள் பெயர் எந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் பலருக்கு அம்மா வீட்டிலேயே கிடக்கும். சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் உள்ளாட்சிப் பட்டியலும் தயாராகிறது. வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி இருந்தால் கட்டி ரசீது வாங்கிவையுங்கள், பரிசீலனையில் அதைத்தான் கிளப்புவார்கள். செலவுக்கு ஒரு நோட்டு போடுங்கள், தோற்றாலும் கணக்குக் கொடுக்க வேண்டும்.

அப்புறம், வார்டு உறுப்பினர்களை மறக்காதீர்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது வார்டு உறுப்பினர்கள். நல்ல தலைவர் ஒருவர் ஜெயித்து, துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததால் வேலை நின்றுபோன ஊராட்சியை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளிர் குழுவிலிருந்து வார்டுக்கு ஒருவரை இப்போதே தயார் பண்ணுங்கள். அடுத்த முறை நானும் அப்படித்தான் நிற்கப்போகிறேன்.